"நிற்கிற வயசு", "வந்த புதுசு", "டென்ஷன்": அதிக உதிரப்போக்குக்கு வேறு பதிலே கிடையாதா?

கணக்கெழுதி

எனக்கு 46 வயது. ஒன்பது மாதமாகப் பீரியட்ஸ் ஒழுங்காக இல்லை. ஒரு தடவை 22 நாளில் வந்தது. அப்புறம் 51 நாள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கடுத்து வந்தது 11 நாள் ஓயவில்லை, கட்டி கட்டியாகப் போனது. போன மாதம் அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரக் கூட்டம். இரண்டு பேடு சேர்த்து வைத்திருந்தேன். எழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டதால், கடைசி ஆள் வெளியே போகும்வரை ஏதோ குறிப்பு எழுதுவதுபோல உட்கார்ந்திருந்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை நானே ஈரத்துணியால் துடைத்தேன்.

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "நிற்கிற வயசு, கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் நிற்கும்." ஒரு மருத்துவமனையில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அங்கேயும் இதையே சொன்னார்கள். என் தொழில் கணக்கு எழுதுவது. அதனால் மூன்று மாதமாக எல்லாவற்றையும் குறித்து வருகிறேன்: தேதி, எத்தனை பேடு, எவ்வளவு நனைந்தது, கட்டி இருந்ததா. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எதுவரை வயசு, எங்கிருந்து நோய்?

தேன்சிட்டு

அக்கா, எனக்கு 38 வயதில் "டென்ஷன்" என்றார்கள். ஸ்கேனில் பார்த்தால் ஃபைப்ராய்ட், அதாவது கர்ப்பப்பைத் தசைக்கட்டி. இரண்டு வருடம் டென்ஷனைக் குறைக்கத் தியானம் செய்துகொண்டிருந்தேன்! முழுக்கதையை அப்புறம் எழுதுகிறேன். அந்தக் குறிப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வெள்ளைக்கோட்டு

நான் மகளிர் நல மருத்துவர். இங்கே படிப்பதை வைத்து யாரும் மருந்து வாங்க வேண்டாம். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு நேரில் போங்கள்.

கணக்கெழுதி, எது இயல்பு என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள்வரை 24 முதல் 38 நாள் இருக்கலாம். 8 நாளுக்குள் நிற்க வேண்டும். நடுவில் கறை படக்கூடாது. போகும் இரத்தம் 80 மில்லியைத் தாண்டினால் அதிகம் என்பது பழைய கணக்கு. ஆனால் வீட்டில் யார் மில்லியில் அளக்கிறார்கள்? இப்போது நாங்கள் கேட்பது வேறு: இந்த உதிரப்போக்கு உங்கள் வேலையை, தூக்கத்தை, வெளியே போவதைத் தடுக்கிறதா? தடுத்தால் அது அதிகம்தான். நாற்காலியைத் துடைத்த கதையே எனக்குப் போதும்.

ஒரு பேடு ஒரு மணி நேரத்தில் முழுக்க நனைவது, பேடு மாற்றவே இரவில் எழ வேண்டியிருப்பது, இரண்டரை சென்டிமீட்டரை விடப் பெரிய கட்டிகள், எட்டு நாளைத் தாண்டுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே பரிசோதனை தேவை.

காரணங்களுக்கு வருவோம். சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ 2011இல் ஒரு வகைப்பாடு தந்தது, 2018இல் திருத்தியது. ஒன்பது காரணங்கள். முதல் நான்கும் ஸ்கேனிலோ நுண்ணோக்கியிலோ கண்ணுக்குத் தெரிபவை. கர்ப்பப்பையின் உள்படலத்தில் தொங்கும் சதை வளர்ச்சியான பாலிப், உள்படலத் திசு கர்ப்பப்பைத் தசைக்குள் வளர்ந்து கிடக்கும் அடினோமயோசிஸ், ஃபைப்ராய்ட், புற்றுநோயும் அதற்கு முந்தைய தடிப்பும். மற்றவை ஸ்கேனில் தெரியாது. இரத்தம் உறைவதில் குறை, கருமுட்டை ஒழுங்காக வெளிவராதது, உள்படலத்தின் சொந்தக் கோளாறு, நாம் கொடுத்த மருந்தும் வைத்த சாதனமும், கடைசியாக எதிலும் அடங்காதவை.

கவனித்தீர்களா, இந்த ஒன்பதில் "வயசு" என்று ஒன்று இல்லை. எந்தக் காரணத்தை முதலில் தேட வேண்டும் என்பதைத்தான் வயது சொல்கிறது. 14இல் உறைதலும் கருமுட்டையும். 30களில் முதலில் கர்ப்பமா என்று பார்த்துவிட்டு ஃபைப்ராய்ட், பாலிப், தைராய்டு. 45க்கு மேல் ஒழுங்கில்லாமல் போனால் உள்படலத்தைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்காமல் "நிற்கிற வயசு" என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஆமாம், உங்கள் வயதில் கருமுட்டை வெளிவருவது தடுமாறும். நாள் தள்ளிப்போவதும் முந்துவதும் அதனால் இருக்கலாம். ஆனால் 11 நாள், கட்டி கட்டியாகப் போவதை அந்தக் கணக்கில் சேர்த்து மூடிவிடக் கூடாது.

கணக்கெழுதி

நன்றி டாக்டர். மில்லியில் அளக்க முடியாது என்றீர்களே, நான் தேடியதில் ஓர் அட்டவணை கிடைத்தது. 1990இல் வந்ததாம். பேடு லேசாக நனைந்திருந்தால் 1, பாதிக்கு நனைந்திருந்தால் 5, முழுக்க ஊறியிருந்தால் 20. சின்னக் கட்டிக்கு 1, பெரிய கட்டிக்கு 5. ஒரு மாதவிடாயின் மொத்தம் 100ஐத் தாண்டினால் அதிகம்.

என் கடைசி மாதம்: முழுக்க ஊறியது 22, அதாவது 440. பாதி நனைந்தது 15, அது 75. லேசானது 6. பெரிய கட்டி 4, அது 20. கூட்டினால் 541. இரண்டு முறை சரிபார்த்தேன்.

வெள்ளைக்கோட்டு

அந்த அட்டவணை தோராயமானதுதான். இன்றைய மெல்லிய பேடுகள் வேறு மாதிரி உறிஞ்சும், "பாதி" என்பது ஆளுக்கு ஆள் மாறும். மாதவிடாய்க் கப் பயன்படுத்துபவர்களுக்கு நேரடியாகவே மில்லி தெரிந்துவிடும். ஆனால் 541 என்பதில் எந்தத் தோராயமும் மறைந்துகொள்ள முடியாது. இந்தக் காகிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வையுங்கள். "ரொம்பப் போகிறது டாக்டர்" என்றால் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். எண்ணை அப்படி அனுப்பிவிட முடியாது.

நேர்ப்பேச்சு

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இயற்கையாக நடப்பதை நோயாக்கிக் காட்டுகிறோமோ என்று தோன்றுகிறது. நம் பாட்டிகளும் இதையெல்லாம் தாண்டித்தானே வந்தார்கள்? அட்டவணை போட்டா பார்த்தார்கள்?

சோதனைக்குழாய்

நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், நேர்ப்பேச்சு. உங்கள் பாட்டி இளமையின் பாதியைக் கர்ப்பத்திலும் பால் கொடுப்பதிலும் கழித்திருப்பார். அந்த மாதங்களில் பெரும்பாலும் மாதவிடாயே இருந்திருக்காது. மொத்தத்தில் இன்றைய பெண்ணைவிட மிகக் குறைவான முறையே வந்திருக்கும். அதிலும் எத்தனை பேர் வெளிறிப்போய், படி ஏற மூச்சு வாங்கி, "சோகை பிடித்தவள்" என்று பெயர் வாங்கி வாழ்ந்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. தாண்டி வந்தவர்கள்தான் நமக்குப் பாட்டி ஆனார்கள். தாண்டாதவர்களின் பேரன் இங்கே வந்து எழுத முடியாதே.

ஆய்வகத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். ஹீமோகுளோபின் 11.8 வரும், "கிட்டத்தட்ட சரி" என்று ஃபைலை மூடிவிடுவார்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே அது சோகை. 12.5 இருந்தாலும் ஃபெரிட்டின் பார்த்தால் 6 இருக்கும். ஃபெரிட்டின் என்பது இரும்புச்சத்தின் சேமிப்புக் கணக்கு, ஹீமோகுளோபின் கையில் இருக்கும் பணம் (கணக்கெழுதிக்காக இந்த உவமை). சேமிப்பு முழுக்கக் கரைந்த பிறகுதான் கையிருப்பு குறையும். 30க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். முடி கொட்டுவது, கால் சும்மா இருக்க முடியாமல் துடிப்பது, ஐஸ்கட்டியைக் கடித்துத் தின்னும் ஆசை, எல்லாம் இதில் வரும். ஐஸ்கட்டி என்றதும் சிரிப்பீர்கள். இரத்தம் எடுக்கும்போது "ஐஸ் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன், சிலர் "எப்படித் தெரியும்?" என்று திகைத்துப் போனார்கள்.

தாமதராணி

நான்! ஃப்ரீசரில் தட்டு தட்டாக வைத்துக் கடிக்கிறேன். வீட்டில் திட்டு. இது நோயா???

சோதனைக்குழாய்

ஃபெரிட்டின் பாருங்கள். குறைவாக இருந்து மாத்திரை கொடுத்தால் ஐஸ் ஆசை பெரும்பாலும் சீக்கிரம் போய்விடும், அளவு ஏறுவதற்கு முன்பே. மாத்திரையைத் தேநீர், காபி, கால்சியம் மாத்திரையோடு சேர்க்காதீர்கள். தினமும் எடுத்து வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வேளை எடுத்ததும் உடம்பு ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டி அடுத்த நாள் உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். அதனால் இடைவெளி விட்டால் நஷ்டமில்லை. மலம் கறுப்பாகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாதீர்கள். சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது ஆகும்.

மின்மினி

மகளுக்கு 14 வயது. வயசுக்கு வந்து 13 மாதம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் 10, 12 நாள். முதல் மாதமே அப்படித்தான். பள்ளிக்கு இரண்டு உடை எடுத்துப் போகிறாள், பெஞ்சில் நுனியில் உட்காருகிறாள். "வந்த புதுசு, இரண்டு வருடத்தில் சரியாகிவிடும்" என்கிறார்கள் பெரியவர்கள். போன வாரம் பள்ளியில் மயங்கி விழுந்துவிட்டாள். டாக்டர், காத்திருக்கலாமா?

வெள்ளைக்கோட்டு

வேண்டாம் மின்மினி. மயக்கம் வந்தபின் காத்திருக்கக் கூடாது. இன்றோ நாளையோ காட்டுங்கள். ஹீமோகுளோபின் உடனே தெரிய வேண்டும்.

பெரியவர்கள் சொல்வது பாதி சரி. மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான பேச்சுவார்த்தை பழக இரண்டு, மூன்று வருடம் ஆகும். அதுவரை பல மாதங்களில் கருமுட்டை வெளிவராது. வெளிவந்தால்தான் ப்ரோஜெஸ்டிரோன் சுரக்கும். ஈஸ்ட்ரோஜன் உள்படலத்தை எழுப்பிக்கொண்டே போகும், அதை ஒரே சீராக இறக்கிவிடுவது ப்ரோஜெஸ்டிரோனின் வேலை. அந்தக் கொத்தனார் வரவில்லை என்றால் சுவர் தன் பாரம் தாங்காமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக உதிரும். அதனால் இந்த வயதில் 21 முதல் 45 நாள் இடைவெளிகூட இயல்புதான். ஆனால் நாள் தவறுவதற்குத்தான் "புதுசு" என்ற சாக்கு பொருந்தும். 12 நாள் கொட்டுவதற்கும் மயங்கி விழுவதற்கும் பொருந்தாது.

ஒரு கேள்வி. சின்ன வயதில் அடிக்கடி மூக்கில் இரத்தம் வருமா? பல் துலக்கும்போது ஈறு கசியுமா? லேசாக இடித்தாலே கன்றிப் போகுமா? உங்களுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ பல் பிடுங்கியபோது, பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் போனதுண்டா?

மின்மினி

மூக்கில் வரும். ஆறு ஏழு வயதில் வாரம் ஒருமுறை தலையணை உறை மாற்றுவேன். வெயில் சூடு என்று நினைத்தோம். எனக்குக் கடைவாய்ப் பல் எடுத்தபோது இரண்டு நாள் கசிந்துகொண்டே இருந்தது. மறுபடி போய்த் தையல் போட்டார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று இந்த நிமிடம் வரை தோன்றவில்லை.

வெள்ளைக்கோட்டு

இதைத்தான் தேடினேன். ஃபான் வில்லிபிராண்ட் நோய் என்று ஒன்று உண்டு. இரத்தத் தட்டணுக்கள் காயத்தில் ஒட்டிக்கொள்ளப் பசைபோல உதவும் ஒரு புரதம் குறைவாக இருப்பது. பரம்பரையாக வரும். பரம்பரை உறைதல் குறைகளில் இதுதான் அதிகம் காணப்படுவது. ஆண்களும் பெண்களும் ஒன்றுபோல் இதைச் சுமந்தாலும், மாதாமாதம் தேர்வு எழுதுவது பெண்கள்தான்.

இந்த நோய் கண்டறியப்பட்டதே ஒரு சிறுமியால். பால்டிக் கடலின் ஆலன்ட் தீவுகளிலிருந்து ஐந்து வயதுப் பெண் ஒருத்தியைப் பின்லாந்து மருத்துவர் எரிக் ஃபான் வில்லிபிராண்டிடம் கொண்டுவந்தார்கள். அவர் அந்தக் குடும்பத்தையே ஆராய்ந்து 1926இல் எழுதினார். அந்தப் பெண் 13 வயதில், தன் நான்காவது மாதவிடாயில், இரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். "வந்த புதுசு" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவுதான் வரும்.

இன்று அப்படி ஆக வேண்டியதே இல்லை. இரத்த அணுக்கள் எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டு, உறைதல் சோதனைகள், கூடவே ஃபான் வில்லிபிராண்ட் புரதத்தின் அளவும் செயலும் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண உறைதல் சோதனை சரி என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள், இந்த நோயில் அது பலருக்குச் சரியாகவே இருக்கும். மன அழுத்தத்திலும் இரத்தப்போக்கின் நடுவிலும் அந்தப் புரதம் தற்காலிகமாக ஏறிக் காட்டலாம், அதனால் இரண்டாம் முறையும் எடுக்க வேண்டிவரலாம். ஸ்கேன் வயிற்றின் மேல் வைத்துத்தான் எடுப்பார்கள். உள்ளே பரிசோதிக்கும் தேவை பெரும்பாலும் இராது, அவளிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். அதுவரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், மெஃபெனாமிக் அமிலம் எதுவும் வேண்டாம், அவை தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும்.

மின்மினி

நாளைக் காலை போகிறோம். இன்னொன்று. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இதே மாதிரி இருந்தபோது கருத்தடை மாத்திரை எழுதினார்களாம். 14 வயதுக் குழந்தைக்குக் கருத்தடை மாத்திரையா? நாளைக்குக் குழந்தை பிறக்குமா?

வெள்ளைக்கோட்டு

பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மாத்திரைக்கு அவள் எதற்காகச் சாப்பிடுகிறாள் என்று தெரியாது. வராத கொத்தனாருக்குப் பதிலாக வேலை செய்து உள்படலத்தை மெல்லியதாக வைத்திருக்கும். நிறுத்தியபின் கருத்தரிப்பதைக் கெடுக்காது. இதற்கு முன்பு கால் நரம்பில் இரத்தம் உறைந்தவர்கள், கண்ணில் மின்னலடிக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், 35ஐத் தாண்டிய புகைபிடிப்பவர்கள், இவர்களைப் போன்றவர்களுக்குத்தான் ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரை ஆகாது.

ஹார்மோனே வேண்டாம் என்றால் டிரானெக்சாமிக் அமிலம் இருக்கிறது. உறைந்ததைக் கரையவிடாமல் பிடித்துவைக்கும். உதிரப்போக்கு உள்ள நாட்களில் மட்டும் எடுத்தால் போதும், மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைக்கும். ஒகமோட்டோ தம்பதியர் 1962இல் ஜப்பானில் கண்டுபிடித்தது. உத்தாகோ ஒகமோட்டோ பிரசவத்துக்குப் பின் பெண்களுக்கு வரும் உதிரப்போக்குக்காகத்தான் அதைத் தேடினார். முன்பு இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அல்லி

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து நாள். டயப்பரில் லேசாக இரத்தம். தங்கை அழுதுகொண்டிருக்கிறாள்.

வெள்ளைக்கோட்டு

அம்மாவின் ஹார்மோன் குழந்தையின் உடம்பிலிருந்து இறங்கும்போது முதல் வாரத்தில் அப்படிக் கொஞ்சம் வரும், தானே நிற்கும். குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மற்றபடி அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு பூப்பெய்தும் வயது வரும்வரை எப்போது வந்தாலும், ஒருமுறை என்றாலும், காட்ட வேண்டும்.

தாமதராணி

ஃபெரிட்டின் 8. ஐஸ்கட்டி மர்மம் விலகியது. 😅

என் கதை இது. வயது 31, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு). மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், வந்தால் வெள்ளம். இந்தத் தடவை 17ஆம் நாள் டாக்டர் நார்எதிஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். இரண்டே நாளில் நின்றது. பத்து நாள் முடிந்து மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் திரும்ப வந்துவிட்டது! மருந்து வேலை செய்யவில்லை என்று இன்னொரு பட்டை வாங்கி நானே தொடங்கிவிட்டேன்.

வெள்ளைக்கோட்டு

இதை முதல் நாளே சொல்லாதது எங்கள் தவறு. நிறுத்திய சில நாட்களில் வருவது மருந்து வேலை செய்ததன் அடையாளம். தடித்துக் கிடந்த உள்படலம் அப்போதுதான் ஒழுங்காக இறங்குகிறது. ஒரு வாரத்தில் நிற்கும். நீங்களே திரும்பத் தொடங்கினால் அது இறங்கவே வழியில்லாமல் போகும். உங்கள் மருத்துவரை அழைத்து இன்றே கேளுங்கள்.

பிசிஓஎஸ்ஸில் பலரும் "வரவில்லை, நிம்மதி" என்று இருந்துவிடுகிறார்கள். வராத மாதங்களிலும் ஈஸ்ட்ரோஜன் சுவர் எழுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. வருடக்கணக்கில் அப்படியே விட்டால் அது தடிப்பாகி, சிலருக்குப் புற்றுவரை போகலாம். உள்படலத்தை எடுத்துப் பார்க்க 45 ஆகட்டும் என்று இதில் காத்திருக்கக் கூடாது. மாத்திரை இல்லாத நேரத்தில் மூன்று மாதத்துக்கு மேல் வராமல் விடாதீர்கள்.

தேன்சிட்டு

சொன்னபடி என் கதை. ஸ்கேனில் இரண்டு ஃபைப்ராய்ட், ஒன்று 5 சென்டிமீட்டர், ஒன்று 2. முதலில் பார்த்த இடத்தில் "ஐந்து சென்டிமீட்டர், கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், கூடவே சினைப்பையையும் எடுத்தால் பின்னால் தொல்லை இல்லை" என்றார்கள். 38 வயதில்! தேதிகூடக் குறித்தாகிவிட்டது. சித்தி மகள் வற்புறுத்தி இன்னொருவரிடம் கூட்டிப் போனாள். அவர் ஸ்கேனை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார், "பெரியது வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது. வேலையைக் காட்டுவது உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சின்னதுதான்." ஹிஸ்டெரோஸ்கோப்பி என்று கீழ் வழியாகவே குழாய் விட்டு அந்தச் சின்னதை மட்டும் சுரண்டி எடுத்தார். வயிற்றில் ஒரு வெட்டு இல்லை, மாலையில் வீடு. பெரியது இன்னும் உள்ளேதான் இருக்கிறது. நாங்கள் இருவரும் சமாதானமாக வாழ்கிறோம்.

வெள்ளைக்கோட்டு

ஃபைப்ராய்டில் அளவைவிட இடம்தான் பேசும். இதை என் மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

கர்ப்பப்பையை எடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. அடினோமயோசிஸில் வருடக்கணக்கில் அவதிப்பட்டு, மற்றதெல்லாம் முயன்று பார்த்து, "போதும்" என்று வரும் பெண்ணுக்கு அதுவே விடுதலை. ஆனால் அது முதல் படி அல்ல. நல்ல நிலையிலுள்ள சினைப்பையை 38 வயதில் "கூடவே" எடுப்பது அடுத்த நாளே மெனோபாஸைக் கொண்டுவருவது, எலும்புக்கும் இதயத்துக்கும் அது கேடு. தேன்சிட்டின் சித்தி மகளுக்கு என் வணக்கம்.

அல்லி

கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப் பற்றி யாரும் பேசவில்லையே? எனக்கு வைத்து ஐந்து வருடம். இப்போது பீரியட்ஸே இல்லை. உள்படலத்தை மெல்லியதாக வைத்திருப்பதால் வரவில்லை, "கெட்ட இரத்தம்" எதுவும் உள்ளே தேங்கவில்லை என்று டாக்டர் படம் போட்டே காட்டினார்.

தாமதராணி

என் தோழிக்கு நேர்மாறு. தினமும் கறை, தினமும் எரிச்சல். நான்காம் மாதம் எடுத்துவிட்டாள்.

வெள்ளைக்கோட்டு

இரண்டுமே உண்மை. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் 52 மில்லிகிராம் உள்ள லூப் உதிரப்போக்கை 70 முதல் 95 சதவீதம்வரை குறைக்கும். மாத்திரைகள் பெரும்பாலும் அந்த அளவுக்கு வராது. ஆனால் முதல் மூன்று முதல் ஆறு மாதம் ஒழுங்கில்லாத கறை இருக்கும். முன்பே சொன்னால் பெண்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், சொல்லாவிட்டால் நான்காம் மாதம் எடுத்துவிடுகிறார்கள். காப்பர் டி வேறு சாமான், அது உதிரப்போக்கைக் கூட்டும். இரண்டையும் "லூப்" என்றே அழைப்பதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தாம்பத்திய உறவுக்குப் பின் கறை வந்தால் கர்ப்பப்பை வாயைப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். நாள் தள்ளிப்போய் வயிற்றுவலியோடு வந்தாலோ, மணிக்கு ஒரு பேடு வீதம் இரண்டு மணி நேரம் நனைந்து தலை சுற்றினாலோ இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.

மூத்தமகன்

பெண்கள் பேசும் இடத்தில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அம்மாவுக்கு 63. பீரியட்ஸ் நின்று 12 வருடம். உள்ளாடையில் கறை பட்டதை மூன்று வாரம் மறைத்திருக்கிறார். துவைக்கப் போட்டபோது என் மனைவி பார்த்துவிட்டாள். கேட்டால் "ஒரு சொட்டுதானே, மறுபடி வரவும் இல்லை" என்கிறார். இந்த இழையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'அந்த அட்டவணையில் ஒரு சொட்டுக்கு எத்தனை மதிப்பெண்?' என்று கேட்கச் சொன்னார். கிண்டல்தான். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

கணக்கெழுதி

தம்பி, தாராளமாக எழுதுங்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் வயதுக்கு அட்டவணையே கிடையாது.

வெள்ளைக்கோட்டு

கணக்கெழுதி சொன்னதுதான் சரி. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால் மெனோபாஸ். அதற்குப் பிறகு ஒரு சொட்டு, ஒரு முறை, இளஞ்சிவப்பு என்றாலும் பார்த்தே ஆக வேண்டும். அம்மாவைப் பயமுறுத்த வேண்டாம். பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் படலம் மெலிந்து உரசுவதால் வருவது, அல்லது பாலிப். இப்படி வரும் பெண்களில் நூற்றுக்குச் சுமார் ஒன்பது பேருக்கு உள்படலப் புற்றுநோய் இருக்கும். அந்த ஒன்பதையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க யாராலும் முடியாது. அந்தப் புற்று வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இப்படி இரத்தம் வந்தே தெரிகிறது, அதாவது சீக்கிரமே குரல் கொடுக்கும் நோய் அது. கர்ப்பப்பைக்குள்ளேயே இருக்கும்போது பிடித்துவிட்டால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும்.

உள்வழி ஸ்கேனில் படலத்தின் தடிமன் 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழே என்றால் புற்று இருக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. அதற்கு மேல் போனாலோ, கறை திரும்ப வந்தாலோ, கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள். மார்பகப் புற்றுக்கு டமோக்சிஃபென் எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மூத்தமகன்

வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்?" என்றார்.

நேர்ப்பேச்சு

நான் மேலே எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அழிக்கவில்லை, பதில்கள் அர்த்தமில்லாமல் போய்விடும். அம்மாவுக்கு இன்று ஃபோன் செய்தேன்.

மின்மினி (மூன்று வாரம் கழித்து)

ஹீமோகுளோபின் 7.9 இருந்தது. இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்து இரும்புச்சத்தை நரம்பு வழியே ஏற்றினார்கள். ஃபான் வில்லிபிராண்ட் அளவு குறைவு, லேசான வகை என்கிறார்கள், உறுதிப்படுத்த இன்னொரு முறை எடுக்க வேண்டும். எனக்கும் எடுத்தார்கள். எனக்கும் குறைவு! 41 வயதில் தெரிகிறது. அவள் என்னைப் பார்த்து, "உன்கிட்டேருந்துதானா?" என்று சிரித்தாள். இனி பல் எடுப்பது, அறுவை சிகிச்சை எதுவானாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதம் டிரானெக்சாமிக் அமிலத்தோடு ஏழு நாளில் நின்றது.

கணக்கெழுதி (ஒன்பது வாரம் கழித்து)

வேறு மருத்துவரிடம் போனேன். காகிதத்தை மேஜையில் வைத்தேன். அவர் 541 என்ற எண்ணில் விரலை வைத்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கே பயாப்ஸி எடுத்தார்கள். ஸ்ட்ரா போன்ற மெல்லிய குழாய். மயக்கமருந்து இல்லை, ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை போட்டிருந்தேன். ஒன்றிரண்டு நிமிடம் நன்றாக வலித்தது, யாராவது வலிக்காது என்றால் நம்பாதீர்கள். பிறகு அடங்கிவிட்டது.

முடிவு: உள்படலம் தடித்திருக்கிறது, ஆனால் செல்களில் மாற்றம் இல்லை. இது புற்றாக மாறுவது 20 வருடத்தில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு, பெரும்பாலும் ஹார்மோன் லூப்பில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்றார். லூப் வைத்தாகிவிட்டது. ஆறு மாதத்தில் மறுபடி பயாப்ஸி. செல்களில் மாற்றம் இருந்திருந்தால் எடுத்துவிடத்தான் சொல்லியிருப்பாராம்.

லூப் வைத்த முதல் மாதக் கணக்கு: 19 நாள் கறை, மொத்தம் 34. எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் போன வாரக் கூட்டத்தில் முதலில் எழுந்து போனவள் நான்.

மூத்தமகன் தம்பி, அம்மா எப்படி இருக்கிறார்?

மூத்தமகன்

ஸ்கேனில் 9 மில்லிமீட்டர் என்று வந்தது அக்கா. ஒரு பாலிப் தெரிகிறது என்றார்கள். ஹிஸ்டெரோஸ்கோப்பி செய்து போன செவ்வாய் எடுத்துவிட்டார்கள். மறுநாளே எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.